மகளுக்குக் கீழே ஒரு வேலை

அந்த அழைப்பு வந்தபோது துல்லியா வஸ்கொத்தோ, திரியெஸ்தே நகரத்தின் பர்கோலாக் கடலோரச் சிமெண்டுத் தளத்தில், நீச்சலுடையில், முதுகைச் சூரியனுக்குக் கொடுத்துக் குப்புறப் படுத்திருந்தாள். மே மாதம்தான். தண்ணீரில் கால் வைத்தால் பல் கிட்டும். ஆனால் திரியெஸ்தேக்காரர்களுக்கு வெயில் எட்டிப் பார்த்தால் போதும், பாதி ஊர் துண்டை எடுத்துக்கொண்டு வந்து படுத்துவிடும். பக்கத்தில் அவளுடைய தோழி லொரெதானா செர்ரிப் பழம் தின்று கொட்டையைக் கடலுக்குள் துப்பிக்கொண்டிருந்தாள்.

பேசியது அல்த்தாமாரே விமானக் கம்பெனி. துல்லியா முப்பது வருஷத்துக்கு மேல் பறந்த கம்பெனி. சில கோடைகளுக்கு முன்னால் அவளையும் லொரெதானாவையும் அந்த வயசுக்காரர்கள் எல்லோரையும் ஒரு தொகையும் ஒரு பூங்கொத்தும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியதும் அதே கம்பெனிதான்.

அல்த்தாமாரே தனிக்காட்டு ராஜா இல்லை. வடக்கே கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெரிய குழுமத்தின் கடைக்குட்டி. மேலே அண்ணன், அக்காள் என்று நாலைந்து கம்பெனிகள். பெரியவன் போட்டுக் கழித்த சட்டை சின்னவனுக்கு வருவதுபோல, மற்றவர்கள் வேண்டாமென்று தள்ளிய தடங்கள் திரியெஸ்தேவுக்கு வரும். அதில் நாலு காசு பார்த்துவிட்டால், 'அது எங்கள் சட்டையாச்சே' என்று திரும்ப வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இந்த வருஷம் அக்காள் கம்பெனி ஆறு புதிய தடங்களை அறிவித்து, டிக்கெட்டையும் விற்றுவிட்டு, அப்புறம்தான் எண்ணிப் பார்த்திருக்கிறது. விமானத்துக்குள் வேலை பார்க்க ஆள் இல்லை. ஆறு தடமும் அல்த்தாமாரேயின் தலையில் வந்து விழுந்தது. அங்கேயும் ஆள் இல்லை. யாரை வீட்டுக்கு அனுப்பினார்களோ அவர்களையே கூப்பிட வேண்டியதாயிற்று.

"வர்றேன்" என்றாள் துல்லியா. எதிர்முனையில் இருந்த பெண் இன்னும் வணக்கமே சொல்லி முடித்திருக்கவில்லை.

போனை வைத்தபின் லொரெதானா கேட்டாள். "சம்பளம் என்னன்னு கேட்டியா?"

"கேக்கல."

"எந்த ஊருக்குப் பறக்கணும்னு?"

"கேக்கல."

"அவங்களாவது உன்கிட்ட ஏதாச்சும் கேட்டாங்களா?"

"சீருடை என்ன சைஸுன்னு கேட்டாங்க. பழைய சைஸைச் சொல்லிட்டேன்."

லொரெதானா சிரித்த சிரிப்பில் ஒரு செர்ரி தொண்டையில் சிக்கிக்கொண்டது. அவள் இருமி முடிப்பதற்குள் அவளுடைய போனும் அடித்தது. துல்லியா அதற்குமேல் அங்கே இருக்கவில்லை. எழுந்து ஓடி அந்தக் குளிர்ந்த தண்ணீரில் தொப்பென்று குதித்தாள். வெளியே வந்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது. சிரிப்பு மட்டும் நிற்கவில்லை.

ஒரே ஒரு சிக்கல்தான். துல்லியாவின் ஒரே மகள் ஒந்தீனாவும் அதே கம்பெனியில் பறந்துகொண்டிருந்தாள். இருபத்தொன்பது வயது. தாயும் மகளும் சான் ஜாக்கொமோப் பேட்டையில் ஒரே வீட்டில் இருந்தார்கள். போன குளிர்காலத்தில்தான் ஒந்தீனாவுக்குத் தலைமைப் பணிப்பெண்ணாகப் பதவி உயர்வு. எதையும் அளந்து செய்கிற பெண். தாய்க்கோ பெயரில் இருக்கிற துல்லியம் ஆளிடம் கிடையாது. சொன்னால் மகள் முழங்காலைச் சொல்வாள், ரத்த அழுத்தத்தைச் சொல்வாள், காலம் மாறிவிட்டது என்பாள். மூன்றுமே உண்மை. ஆகையால் துல்லியா சொல்லவில்லை. முழங்கால் வலிக்குச் சேறு பூசும் வைத்தியத்துக்கு அபானோவுக்குப் போகிறேன் என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு, வெரோனாவுக்குப் பக்கத்தில் இருந்த பயிற்சிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தாள்.

அங்கே லொரெதானாவோடு, அவர்களுடைய பழைய சகபாடி ப்ரூனோவும் வந்திருந்தான். அறுபதைத் தாண்டியவன், இடுப்புப் பிடிப்புக்காரன். பழைய நாளில் விமானத்தில் பிறந்தநாள்காரர் யாராவது இருந்தால் தேடிப் பிடித்துப் பாட்டுப் பாடிவிட்டுத்தான் விடுவான். பயிற்சி கொடுத்த மன்லியோவுக்கு இவர்களில் யாருக்கும் மகனாகும் வயது. மூன்றாம் நாள் அவன் அவர்களை விமானக் கதவு மாதிரி ஒன்றின் முன்னால் நிறுத்தினான். கீழே காற்றடித்துப் புடைத்த பெரிய சறுக்குமெத்தை.

"கையை மார்போட கட்டிக்குங்க. யோசிக்காம குதிங்க" என்றான்.

"யோசிக்கிறவளா இருந்தா இங்க வந்திருப்பேனா தம்பி" என்று சொல்லிக்கொண்டே துல்லியா குதித்தாள்.

வயிற்றுக்குள் ஏதோ ஒன்று மேலே எழும்பித் தொண்டை வரைக்கும் வந்தது. பாவாடை இடுப்புக்கு ஏறியது. அடியில் போய் விழுந்தவள் எழுந்து, உடம்பைத் தட்டிக்கூடப் பார்க்காமல், மறுபடியும் படியேறி வரிசையில் போய் நின்றாள். அவளுக்குப் பின்னால் லொரெதானா, லொரெதானாவுக்குப் பின்னால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ப்ரூனோ.

"ஒரு தடவை போதும்ங்க" என்றான் மன்லியோ.

"நான் சரியா குதிக்கல."

"சரியாத்தான் குதிச்சீங்க."

"இல்ல தம்பி, கை கொஞ்சம் விலகிடுச்சு. எனக்குத் தெரியும்."

ப்ரூனோவின் கைகூடத் திருப்தியாகக் கட்டப்பட்ட பிறகுதான் அன்றைய பாடம் முடிந்தது. மன்லியோ சறுக்குமெத்தையின் காற்றைப் பிடுங்கிவிட்டதும் அதற்கு ஒரு காரணம்.

வீட்டுக்குத் திரும்பியதும் ஒந்தீனா தாயின் முழங்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். கத்தரிக்காய் நிறத்தில் கன்றியிருந்தது.

"சேத்துல எப்படிம்மா முழங்கை அடிபடும்?"

"வழுக்குமில்லடி" என்றாள் துல்லியா.

ஜூனில் டியூட்டிப் பட்டியல் வந்தது. எத்தனை வருஷம் பறந்திருந்தாலும், திரும்பி வருபவர் புதிதாகச் சேர்ந்தவர்தான் என்று விதி. பட்டியலின் அடிமட்டத்தில், இருபத்திரண்டு வயசுப் பிள்ளைகளுக்கும் கீழே, துல்லியாவின் பெயர் இருந்தது. முதல் டியூட்டி வலென்சியா. புதிய தடத்தின் முதல் விமானம். ஆனால் பட்டியலில் அவள் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரை மட்டும் போட்டிருந்தார்கள். ஒந்தீனா அதைப் பார்த்தும் யாரோ கோச்சியான்சிச் என்று நினைத்திருந்தாள். அந்தக் குடும்பப் பெயரில் ஊரில் ஆயிரம் பேர்.

திரியெஸ்தேவின் ரோங்கி விமான நிலையத்தில், பறப்பதற்கு முன் பணியாளர்கள் கூடிப் பேசும் அறைக்குள் ஒந்தீனா கையில் காப்பியோடு நுழைந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் லொரெதானா. அவளுக்குப் பக்கத்தில் நீலச் சீருடை, கழுத்தில் மஞ்சள் ஸ்கார்ஃப், பழைய சைஸின் பொத்தான்கள் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்க, தாய்.

ஒந்தீனா காப்பியை மேசைமேல் வைத்தாள். அந்தப் பொத்தான்களைக் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"அபானோ" என்றாள் கடைசியில்.

"முழங்கால் பரவாயில்லடி இப்ப."

"இங்க நான் உங்க பொண்ணு இல்ல. தலைமைப் பணிப்பெண். 'நீங்க, வாங்க'ன்னுதான் பேசணும்."

"சரிங்க மேடம்."

"மேடம் வேண்டாம்."

"சரிங்க கண்ணு."

கேப்டன் சர்தோச் வானிலைத் தாளை முகத்துக்கு உயர்த்திக்கொண்டார். தாள் குலுங்கியது.

விமானம் நிறைந்திருந்தது. பாதிப்பேர் முஜ்ஜா ஊரின் பந்துருட்டும் கழகத்தார். எல்லோரும் ஒரே சிவப்புப் பனியன் போட்ட ஓய்வுபெற்ற ஆட்கள், வலென்சியாவில் போட்டிக்குப் போகிறவர்கள். விமானம் ஏறி நேரானதும் துல்லியா முதல் வரிசையிலிருந்து உணவு டிராலியைத் தள்ளிக்கொண்டு கிளம்பினாள். பின்னால் லொரெதானா ஒயின், காப்பி டிராலியோடு. ஒந்தீனா முன்பக்கம் கேப்டன் கேட்டதைக் கொடுத்துவிட்டுக் காகித வேலையில் உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டாம் வரிசையில் ஒரு சிவப்புப் பனியன் சாண்ட்விச்சைக் காட்டி, "எவ்வளவு?" என்று கேட்டது.

"உங்களுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு" என்றாள் துல்லியா.

மனிதர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் மனசாரத்தான் சொல்கிறாள் என்று தெரிந்தது. இரண்டு எடுத்துக்கொண்டார். மூன்றாம் வரிசைக்கு அதற்குள் சேதி எட்டிவிட்டது. துல்லியா பறந்த காலத்தில் சாப்பாடும் ஒயினும் டிக்கெட்டோடு சேர்த்தி. இப்போது எல்லாம் விற்பனை, இடுப்பில் கார்டு தேய்க்கிற கருவி தொங்கியது. பயிற்சியில் ஒரு முழுக் காலைப்பொழுது அதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் டிராலியைத் தொட்டதும் அவளுடைய கைகள் தம்பாட்டுக்குக் கொடுக்கத் தொடங்கிவிட்டன. 'இன்னும் ஒண்ணு எடுத்துக்குங்க, இளைச்சுப் போய் இருக்கீங்க' என்று வாயும் சேர்ந்துகொண்டது. லொரெதானா, துல்லியா வாங்காத காசை நான் எப்படி வாங்குவது என்று ஊற்றிக்கொண்டே வந்தாள்.

பதினான்காம் வரிசையில் டிராலி காலியானது. அதே நேரத்தில் முன்வரிசைகளில் பாட்டுத் தொடங்கியது. பாட்டைக் கேட்டுத்தான் ஒந்தீனா தலையைத் தூக்கினாள்.

சமையல் பகுதியின் திரையை இழுத்து மூடிவிட்டு அவள் கேட்டாள். "எவ்வளவு வித்துச்சு?"

"எல்லாம் போயிடுச்சு."

ஒந்தீனா கருவியை வாங்கிப் பார்த்தாள். சுத்தமாக ஒன்றும் இல்லை. "இலவசம்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல."

"பயிற்சியில சொல்லிக்குடுத்தாங்க இல்ல?"

"சொன்னாங்க. காது கேட்டுச்சு. கை கேக்கல."

"நான் ரிப்போர்ட் எழுதணும். உங்க ரெண்டு பேர் மேலயும்."

"எழுதும்மா. எழுதாம விட்டா உன் மேல வரும்" என்றாள் துல்லியா. அவளுக்கு உள்ளே நிஜமாகவே சுருக்கென்றது. பிள்ளையின் முதல் விமானத்தை, அதாவது பிள்ளை தலைமை வகிக்கும் புதுத் தடத்தின் முதல் விமானத்தை, இப்படிக் கந்தரகோளம் ஆக்கிவிட்டோமே.

ஒந்தீனா ஒலிபெருக்கியை எடுத்தாள். "பயணிகளே, இந்த விமானத்தில் உணவு விலைக்கு மட்டுமே. இன்று நடந்தது எங்கள் தவறு. சாப்பிட்டவர்கள் பணம் தர வேண்டாம். பதினான்காம் வரிசைக்குப் பின்னால் இருப்பவர்களுக்குத் தருவதற்கு எங்களிடம் தண்ணீர் மட்டுமே உள்ளது. மன்னிக்கவும்."

பின்பக்கம் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அதைக் கேட்டதும் நான்காம் வரிசைச் சிவப்புப் பனியன் எழுந்து நின்று, தன் இரண்டாவது சாண்ட்விச்சைப் பாதியாகப் பிய்த்துப் பின்னால் இருந்தவர் கையில் கொடுத்தது. "பின்னாடி தள்ளுங்க." அவ்வளவுதான். தலைகளுக்கு மேலே சாண்ட்விச்சுகள் ஊர்வலம் கிளம்பின. முழுசு, பாதி, கடித்த ஓரத்தைப் பிய்த்துப்போட்ட முக்கால். ஒயின் குவளை ஒன்று கைமாறிக் கைமாறி இருபத்திரண்டாம் வரிசைக்கு ஒரு சொட்டுச் சிந்தாமல் போய்ச் சேர, மொத்த விமானமும் கைதட்டியது. யாரோ தன் பையிலிருந்து வீட்டில் செய்த வால்நட் அடையை எடுத்து அறுக்க ஆரம்பித்தார்கள்.

ஒந்தீனா உதட்டைக் கடித்துக்கொண்டு அதைப் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று கழிப்பறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டாள். அழப்போகிறாள் என்று நினைத்துத் துல்லியா கதவில் காதை வைத்தாள். உள்ளே சிரிப்பு. சின்ன வயசில் கிச்சுகிச்சு மூட்டினால் மூச்சு முட்டச் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு. துல்லியாவுக்கும் தொற்றிக்கொண்டது. வாயைப் பொத்திக்கொண்டு, கதவுக்கு இந்தப் பக்கம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

கதவு திறந்தது. ஒந்தீனாவின் முகம் கல்.

"நான் சிரிக்கல" என்றாள்.

"தெரியும்ங்க" என்றாள் துல்லியா.

ரிப்போர்ட்டை அவள் எழுதத்தான் செய்தாள். பணியாளர்களின் மேலாளர் லீவியோ இருவரையும் கூப்பிட்டு, சம்பளத்தில் பிடிப்பதாகச் சொன்னார். மகள் எழுதியதில் ஒரு வார்த்தை கூடக் கூட்டியும் இல்லை, குறைத்தும் இல்லை என்று துல்லியா ஊரெல்லாம் பெருமையடித்தாள். அந்தக் கோடை முழுக்க அவள் பறந்தாள். விற்கவும் கற்றுக்கொண்டாள். யாரைப் பார்த்தாலும் இளைத்துப் போயிருக்கிறீர்கள் என்பதை மட்டும் விடவில்லை, அதனாலேயே மற்றவர்களைவிட அதிகம் விற்றாள். சீருடையை ஒரு சைஸ் பெரிதாக மாற்றிக்கொண்டாள். அந்த வருஷத்தைப்போல அவள் முன்னே பின்னே தூங்கியதில்லை. படுத்ததும் தூக்கம், எழுந்ததும் சிரிப்பு.

செப்டம்பரில் வடக்கிலிருந்து முடிவு வந்தது. அக்காள் கம்பெனி ஆட்களைச் சேர்த்துவிட்டதாம், ஆறு தடங்களையும் திரும்ப எடுத்துக்கொள்கிறதாம். லீவியோ எல்லோரையும் அறையில் கூட்டிவைத்துத் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"கடைசியா வந்தவங்கதான் முதல்ல போகணும். விதி அப்படி. துல்லியா, லொரெதானா, ப்ரூனோ, நீங்க வீட்டுக்குப் போகலாம், நன்றியோட. இன்னொரு வழியும் இருக்கு, நான் சொல்லித்தான் ஆகணும். போர்த்துகல்ல, குழுமத்தோட போர்ட்டோ கம்பெனியில குளிர்காலத்துக்கு ஆள் பத்தலையாம். உங்க வயசுல யாரும் ஊரை விட்டு அவ்வளவு தூரம்..."

மூன்று கைகள் உயர்ந்திருந்தன. ப்ரூனோ இடுப்புப் பிடிப்பையும் மறந்து எழுந்தே நின்றுவிட்டான்.

லீவியோ எண்ணிப் பார்த்தார், மறுபடியும் எண்ணினார். சுவரோரம் நின்ற ஒந்தீனா தாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை வீட்டில் ஒந்தீனா ஜோத்தா சூப்பைக் கிண்டிக்கொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை.

"ஒருநாள் நான்தான் இந்த வீட்டை விட்டுப் போவேன்னு நெனச்சிட்டிருந்தேன்."

"நீ கெளம்புற வேகத்தைப் பாத்தா அதுக்குள்ள எனக்கு எழுபது ஆயிடும்டி."

"அங்க யாரைத் தெரியும் உனக்கு?"

"ப்ரூனோவைத் தெரியும். லொரெதானாவைத் தெரியும்."

"மூணு பேரும் ஒரே வீட்டுலயா?"

"ரெண்டு ரூமு. ப்ரூனோ கூடத்துல படுத்துக்குறேன்னான். குறட்டை விடுவான், ஆனா நல்லா சமைப்பான்."

"காலேஜ் பசங்க மாதிரி இருக்குது, அம்மா."

"நான் காலேஜுக்குப் போனதில்ல. எப்படி இருக்கும்னு பாக்குறேன்."

ஒந்தீனா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். துல்லியா எழுந்து போய் அவள் தலையை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். அவளுக்கும் கண் கலங்கத்தான் செய்தது. ஆனால் உள்ளே, அந்தச் சறுக்குமெத்தையின் விளிம்பில் நிற்பதுபோல், வயிறு மேலே மேலே எழும்பிக்கொண்டிருந்தது. அதை மகளிடமிருந்து மறைக்கவும் முடியவில்லை.

"நீ உள்ள சிரிக்கிற" என்றாள் ஒந்தீனா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "எனக்குக் கேக்குது."

நவம்பரில் ஒந்தீனா மூன்று நாள் விடுப்பில் போர்ட்டோவுக்கு வந்தாள். தெருமுனையில் சுட்ட கஷ்கொட்டையின் புகை. செங்குத்தான ஏற்றத்தில் நாலாவது மாடி. உள்ளே குளியலறைக் கதவில் மூன்று பேருக்கும் நேரம் குறித்து ஒட்டியிருந்தது, யாரும் அதன்படி நடக்கவில்லை. ப்ரூனோ பக்காலாவ் என்ற உப்புக் கருவாட்டை ஊறவைத்து வீடெல்லாம் மணக்கச் செய்திருந்தான். லொரெதானா கீழ்வீட்டுக்காரரிடம் போர்த்துகீசியம் படிப்பதாகச் சொன்னாள். என்ன படித்தாள் என்று கேட்டால் முகம் சிவந்தது. ஒந்தீனாவுக்குச் சோபாவில் இடம்.

பையைக் கீழே வைத்து அரைமணி ஆகவில்லை. துல்லியாவின் போன் அடித்தது. அன்று அவள் அவசரத்துக்கு அழைக்கப்படும் பட்டியலில் இருந்தாள். யாருக்கோ காய்ச்சல், கடல் நடுத் தீவிலிருக்கும் ஃபுன்ஷாலுக்குப் போகிற விமானத்துக்கு ஆள் வேண்டும், உடனே வர முடியுமா. துல்லியா போனைக் கையால் மூடிக்கொண்டு மகளைப் பார்த்தாள்.

"போ" என்றாள் ஒந்தீனா. "ஆனா அந்தக் கொண்டையோட போகாதே. இங்க வா."

கண்ணாடி முன்னால் உட்காரவைத்து மகள் கொண்டையைப் பிரித்து மறுபடி போட்டாள், ஸ்கார்ஃபை நேராக்கினாள், கன்னத்தில் கூடுதலாயிருந்த சாயத்தைக் கட்டைவிரலால் துடைத்தாள். "இப்பப் போலாம். ஃபுன்ஷால்ல காத்து அடிக்கும், டிராலியைச் சீக்கிரமா முடிச்சிருங்க."

"சரிங்க" என்றாள் துல்லியா.

வாசலில் இறங்கியதும் பெட்டி கையை விட்டு நழுவியது. சக்கரம் வைத்த பெட்டி, கீழ்நோக்கிய தெரு. கற்களில் தடதடவென்று அது முன்னே ஓட, பின்னே சீருடையில் துல்லியா ஓடினாள். மேலே சன்னலில் மூன்று தலைகள். ப்ரூனோ திரியெஸ்தே பாஷையில் பெட்டிக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தான். கஷ்கொட்டைக்காரர் காலை நீட்டித் தடுத்து, பெட்டியை நிமிர்த்தி வைத்து, தொப்பியைத் தூக்கினார். அவள் மூச்சிரைக்க நன்றி சொல்லிவிட்டு மெட்ரோவைப் பிடிக்க ஓடினாள்.

விமானத்தில் அவளுக்குத் தலைமை ரூய் என்ற பையன், ஒந்தீனாவைவிடச் சின்னவன், போர்த்துகீசிய மரியாதைப்படி அவளை 'தோனா' என்றுதான் கூப்பிடுவான். "உங்க பொண்ணு வந்திருக்காங்களாமே, தோனா துல்லியா. தெரிஞ்சிருந்தா வேற யாரையாவது கூப்பிட்டிருப்பேன்."

"அவ மூணு நாள் இருப்பா. ஃபுன்ஷால் இன்னிக்கு மட்டும்தானே."

அவள் பயணிகளைப் பார்த்தாற்போல் இருந்த மடக்கு இருக்கையில் உட்கார்ந்து பட்டையை இழுத்து மாட்டிக்கொண்டாள். ஓடுபாதையின் அதிர்வு தொடையில் ஏறியது. முதல் வரிசையில் கம்பளித் தொப்பி போட்ட ஒரு கிழவர், கைப்பிடியை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு, கண்ணை அகல விரித்து அவளையே பார்த்தார். சக்கரம் தரையை விட்டது. துல்லியாவின் வயிறு குபுக்கென்று மேலே எழும்பியது, அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவில்லை. கிழவர் முதலில் புருவத்தைச் சுளித்தார். பிறகு ஒரு கையை மெல்ல எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துப் பார்த்தார். அவரும் சிரிக்கத் தொடங்கினார்.